அக்தர் பேகம் மிதித்த பிரேக்

அக்தர் பேகத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை. ஆனால் பிரேக் மிதியில் காலை வைத்ததுமே, குழாய்க்குள் எண்ணெய் மட்டும் இருக்கிறதா, காற்றும் சேர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். தர்மபுரியில் அந்த நாளில் அப்படிச் சொல்லக்கூடிய பொம்பளை வேறு யாரும் இருந்திருக்க முடியாது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கால் அவளுக்கு ஒரு நல்லதும் செய்யவில்லை.

நான் பக்கத்து வீடு. பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர்; அதன் மேல் குழம்புக் கிண்ணமும் போகும், ஊர்ப் பேச்சும் போகும். அவர்கள் வீட்டுக்குள் உருது. நான் போய் நின்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அது அவர்கள் எனக்குக் கொடுத்த மரியாதை.

புருஷன் பேர் சர்தார். கடைத்தெருவில் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். கல்யாணக் காலத்தில் அவர் விளக்கு இல்லாமல் சுற்று வட்டாரத்தில் ஒரு ஊர்வலம் கிளம்பாது. எத்தனை புகைகிற ஸ்டவ்வைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நீலமாக எரியவைத்துத்தான் திருப்பித் தருவார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, வந்த ஒரே பைத்தியம் பெரிய பைத்தியமாக வந்தது.

ஒரு தடவை மெட்ராசுக்குச் சாமான் வாங்கப் போனவர், யாரோ கூப்பிட்டார்கள் என்று சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அங்கே ஓடினவர்கள் எல்லாம் ராஜா வீட்டுப் பிள்ளைகளும் மில் முதலாளிகளும் இல்லையாம்; சொந்தக் கையால் வண்டியைக் கழற்றிப் பூட்டி எடுத்துவந்தவர்களும் இருந்தார்களாம். அவ்வளவுதான். தர்மபுரி தனி மாவட்டமான அறுபத்தைந்தாம் வருஷம், மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய அமெரிக்கக் கார் ஒன்றைப் பிடித்தார். எட்டு சிலிண்டர். தக்காளி லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசல் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தியபோது, உள்ளே இன்னும் கோழி எச்சம் காயவில்லை.

அந்த வண்டியை வேகமாக ஓடவைக்க அவர் செய்ததையெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். கனம் குறைய வேண்டுமென்று மட்கார்டை அறுத்தார், பின் சீட்டைப் பிடுங்கினார், கூரையையே கழற்றி எறிந்தார். எஞ்சின் மூடியைச் சேலத்தில் லேத்துக்காரரிடம் கொடுத்து இழைத்துக்கொண்டு வந்தார். மூடி மெலிந்தால் உள்ளே அழுத்தம் கூடும், இழுவை கூடும் என்றார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வந்தது. அதற்குள்ளே பெட்ரோல் வருகிற துளையை, ஸ்டவ் பின்னை வைத்தே குத்திக் குத்திச் சரி பண்ணினார். ஸ்டவ்வுக்கு நிப்பிள், காருக்கு ஜெட், இரண்டும் ஒரே சமாசாரம்தான் என்பார். அது உண்மைதான் போலிருக்கிறது. அந்த எஞ்சின் கிளம்பினால் என் வகுப்புப் பெண்கள் இரண்டு தெரு தள்ளி ஊசியில் விரலைக் குத்திக்கொள்வார்கள்.

எரியவைக்கிற வேலை அவருக்கு ரத்தத்தில் ஊறினது. நிறுத்துகிற வேலைதான் அவருக்கு வேப்பங்காய். பிரேக் என்றாலே முகம் சுண்டிவிடும்.

பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று சேர்ந்தால் மிதி சும்மா அமுங்கும், வண்டி நிற்காது; அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் வண்டிக்கு அடியில் படுத்துச் சக்கரத்துப் பக்கம் உள்ள சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இன்னொருத்தர் மேலே உட்கார்ந்து சொன்னபோது மிதியை அமுக்கி, சொன்னபோது விட வேண்டும். கடைப் பையனுக்குப் பொறுமை இல்லை. அதனால் அக்தர் வந்தாள். கோஷா வீட்டுப் பெண் கூரையில்லாத காரில் வாசலில் உட்கார முடியுமா? நான்கு மூங்கிலை நட்டு, பழைய படுக்கை விரிப்புகளைக் காரைச் சுற்றிக் கட்டினார்கள். உள்ளே அவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால். அடியில் அவர். “அமுக்கு” என்று ஒரு குரல் மண்ணிலிருந்து வரும். “பிடி.” “விடு.” தெருவில் போகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான் என்று அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

அவளுக்கு ஒரே தம்பி, அப்துல் சுபான். தாய் தகப்பன் போன பிறகு, கட்டிக்கொடுத்த வீட்டுக்கே அவனையும் கூட்டிவந்து வளர்த்து ஆளாக்கினாள். சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு பாலக்கோடு, மாரண்டஹள்ளி சந்தைகளுக்குப் போய் வருவான். இருபத்தைந்து வயசு, நல்ல உயரம், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை. பாலக்கோட்டில் அவனுக்குப் பெண் பேசி வைத்திருந்தாள். அவனுக்கு அக்காள் புருஷன் என்றால் உயிர். சந்தை இல்லாத நாளெல்லாம் காரில் முன்னால் உட்கார்ந்து தோப்பூர் வரை போய் வருவான். அவன் திரும்பி வருகிறவரை அக்தர் வாசற்கதவுக்குப் பின்னாலேயே நிற்பாள்.

நிஜமான பிரேக் ஆயில் அப்போது எங்கள் ஊரில் சுலபத்தில் கிடைக்காது. சர்தார் பாய் முதலில் எஞ்சின் ஆயிலை ஊற்றினார். ரப்பர் வாஷர்கள் எல்லாம் ஊறிப்போய்ச் சக்கரம் நான்கும் கவ்விக்கொண்டன. அதைக் கழற்றிப் பார்த்து, மண்ணெண்ணெய் வர்க்கம் ரப்பருக்கு ஆகாது, செடியிலிருந்து வருகிற எண்ணெய்தான் ஆகும் என்று கண்டுபிடித்தார். அதுவும் தப்பில்லை. அந்தக் காலத்தில் பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயில் செய்ததுதானாம். ஆமணக்கு என்கிற கொட்டமுத்து விளைகிற ஊரில் விளக்கெண்ணெய்க்கா பஞ்சம்? தெருக்கோடி முனியம்மாள், கொட்டமுத்தை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெய் எடுப்பாள். பிறந்த குழந்தைக்கும் சரி, கோயில் விளக்குக்கும் சரி, அவள் எண்ணெய்தான். அதையே பிரேக்குக்கும் ஊற்றினார். அக்தர் மிதித்துப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது என்றாள். இருந்தது. ஊருக்குள் நன்றாகவே நின்றது.

தர்மபுரிக்காரனுக்கு மலை ஏறிச் சோதிக்க வேண்டுமென்றால் தோப்பூர்தான். ஆனால் நம் பக்கத்திலிருந்து போனால் அந்த மலையில் முதலில் இறங்க வேண்டும், திரும்பும்போதுதான் ஏற்றம். அவருக்கு ஏற்றத்தின் மேல்தான் கண். ரேடியேட்டர் கொதிக்காமல் எத்தனை வேகமாக ஏறும் என்பதே பேச்சு. இறக்கத்தைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அந்த இறக்கத்தில் மிதி சத்தமில்லாமல் தரைக்குப் போய்விட்டது. பக்கத்தில் சுபான். கைபிரேக்கை இழுத்து, மண்மேட்டில் வண்டியை உரசி எப்படியோ நிறுத்தினார்கள். நின்று, ஆறி, மிதித்துப் பார்த்தால் மறுபடியும் கெட்டி. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்தார். ஒழுக்கு இல்லை, வாஷர் கிழியவில்லை, காற்று இல்லை. சூட்டில் வருகிற நோய் ஆறினதும் ஓடிப்போனால் எதைப் பிடிப்பது? ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

கண்டுபிடித்தது அக்தர்தான். அப்போது அவள் நிறைமாசம். அன்றைக்கு நானும் அவள் அடுப்படியில் இருந்தேன். பிரேக்கிலிருந்து இறக்கின எண்ணெயை ஒரு கரண்டியில் ஊற்றி ஸ்டவ் மேல் காட்டினாள். சூடேறினதும் எண்ணெய் சடசடவென்று வெடித்துத் தெறித்தது. புருஷனைக் கூப்பிட்டாள்.

“இதுக்குள்ள தண்ணி இருக்குதுங்க. முனியம்மா தண்ணியில வேகவச்சிதானே எடுக்கறாங்க. சூடானா அது ஆவியாவுது. ஆவிய மிதிச்சா கால் கீழதானே போவும்?”

மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரியவைத்தே பிழைக்கிற மனுஷனுக்கு அது விளங்காமல் போகுமா? தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். சேலத்துக்குச் சொல்லி நிஜ பிரேக் ஆயிலே வரவழைக்கிறேன் என்றார். அதுவரை நல்ல மனுஷன்தான். அப்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். புது ஆயில் ஊற்றி, அவளே உட்கார்ந்து நாலு சக்கரத்துக்கும் மிதித்து, கெட்டி என்று அவள் வாயால் சொல்கிறவரை சுபான் அந்த வண்டியில் ஏறக்கூடாது. சர்தார் பாய் சரி என்றார். என் காது கேட்கச் சரி என்றார்.

ஆயில் டின் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது அக்தருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வஹிதா என்று பேர் வைத்தார்கள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன்; வருஷம் முழுக்க உழைக்கிற பெண்ணுக்கு இடுப்பு சாய்க்கக் கிடைக்கிற காலம் அது. அக்தருடைய மாமியார் ஹாஜிரா அதில் ஒரு பொழுது விட்டுக்கொடுக்கமாட்டாள். அரை மணி நேரம், நான்கு பக்கமும் துணி கட்டித்தானே, மிதித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அக்தர் கெஞ்சினாள். காற்றுப் பட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்று மாமியார் கதவைச் சாத்தினாள். அப்படியானால் நாற்பது முடிகிறவரை வண்டி நிற்கட்டும் என்று அக்தர் புருஷனுக்குச் சொல்லியனுப்பினாள். அம்மா வழக்கத்தை விடமாட்டாள், மகன் பந்தயத்தை விடமாட்டான். சோழவரத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சேலம் ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு படுத்திருந்தபோது சர்தார் பாயே என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

தனி ஆளாகக் காற்று எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தாராம். மிதியை அமுக்கி, அதற்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே போய் நிப்பிளைத் திறப்பது, மூடுவது, மறுபடி மேலே வந்து கட்டையை எடுப்பது. முதுகு ஒடிகிற வேலை. தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது முறை. பின் சக்கரம் இரண்டிலும் பழைய எண்ணெய் போய்ப் புது ஆயில் வருகிறவரை விடாமல் செய்தார். முன் சக்கரத்துக்கு வந்தபோது மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. போதும் என்று விட்டுவிட்டார். நிறுத்தும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்தில்தான் விழும், சூடும் அங்கேதான் ஏறும். அந்த இரண்டிலும் முனியம்மாள் எண்ணெய் அப்படியே நின்றது.

சுபான் கேட்டிருக்கிறான், ஆபா மிதித்துப் பார்த்தாளா என்று; அக்காளை அவன் ஆபா என்றுதான் கூப்பிடுவான். இவர் பொய் சொல்லவில்லை. மிதி கல் மாதிரி இருக்கிறது, நீயே பார் என்றார். அவனும் காலை வைத்துப் பார்த்தான். ஆறின வண்டியில் யார் காலை வைத்தாலும் கல்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஏற்பாடும் செய்தாராம். இவர் ஓட்டுவது, சுபான் கைபிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டே வருவது. அந்தப் பிள்ளையையே ஒரு பிரேக்காக்கிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போயிருக்கிறார். இதை அவர் சொன்னபோது ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓங்கி ஒரு அறை விடலாமா என்று எனக்குக் கை துடித்தது.

தோப்பூர் இறக்கத்தில், பாதிக்கு மேல் போனதும், மிதி தரைக்குப் போனது. சுபான் இரண்டு கையாலும் இழுத்தான். கைபிரேக்குக் கம்பி அறுந்தது. வளைவில் வண்டி திரும்பி, அவன் இருந்த பக்கம் பாறையில் மோதியது. அங்கேயே போய்விட்டான்.

அவன் மையத்தை, உயிர் போன உடம்பை, கொண்டுவந்து வாசலில், அந்த மூங்கில்கள் நட்டிருந்த இடத்தில்தான் கிடத்தினார்கள். அக்தரை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்து முகத்தைக் காட்டினார்கள். அறையை விட்டு, நடையைத் தாண்டி, வாசல் வரை வந்தாள். காற்று நன்றாகவே அடித்தது. அன்றைக்கு நாற்பது நாள் கணக்கை யாரும் எடுக்கவில்லை. ஹாஜிராவும் எடுக்கவில்லை.

உடைந்த காரை ஒரு லாரிக்காரர் ஏற்றிவந்து பழைய இடத்திலேயே தள்ளிவிட்டுப் போனார். நாற்பது முடிந்து தலைக்கு ஊற்றின மறுநாள் அக்தர் சுவரோரம் வந்து, கொஞ்சம் வாங்க டீச்சர் என்றாள். கையில் ஸ்பேனரும் இரண்டு பீங்கான் தட்டும். முன் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து நிப்பிளைத் திறந்து சொட்டுவதை ஒன்றில் பிடித்தாள். பின் சக்கரத்தில் இன்னொன்று. அடுப்படிக்குப் போய் இரண்டையும் கரண்டியில் ஊற்றிக் காய்ச்சினாள். பின் சக்கரத்து எண்ணெய் சத்தமில்லாமல் புகைந்தது. முன் சக்கரத்தது சடசடவென்று வெடித்தது. அடுப்பை அணைத்தாள். குழந்தை அழுதது, போய் எடுத்துக்கொண்டாள்.

பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தியிருந்தால், அந்த மனுஷன் சட்டையைப் பிடித்திருந்தால். எதுவும் இல்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கால் குட்டையாகத் திரும்பி வந்தார். வெந்நீர் வைத்தாள், கால் பிடித்துவிட்டாள், சோறு போட்டாள். பாலக்கோட்டுப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்தாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் உப்பு, அரிசி, மண்ணெண்ணெய் தவிர வேறு பேச்சு என் காதில் விழுந்ததில்லை. சுபான் பேரை அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. கார் கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே துருப்பிடித்தது. ஹாஜிராவும் போய்ச் சேர்ந்தாள்.

எழுபத்து நாலில், வஹிதா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், சர்தார் பாய் ஒரு நாள் தார்ப்பாயை உருவினார். பந்தயத்துக்கு இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அந்த வயசும் இல்லை, காலும் இல்லை. அது அப்படி உடைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே சாகமுடியாது, ஓடுகிற வண்டியாக்கி யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றார். மனுஷனுக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது என்று தெருவே சொன்னது. மாசக்கணக்கில் கெந்திக் கெந்தி வேலை செய்தார். இந்தத் தடவை பிரேக்கிலிருந்துதான் தொடங்கினார். குழாய் புதுசு, வாஷர் புதுசு, சீல் உடைக்காத டின்னில் ஆயில்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே மூங்கில் நட்டார். துணி கட்டினார். என்னையும் கூப்பிட்டார், சாட்சிக்கோ என்னவோ. வாசற்படியில் நின்று, உள்ளே இருந்த அக்தரிடம் குனிந்த தலையோடு சொன்னார்:

“நீ வந்து மிதி. நாலு சக்கரத்துக்கும். கெட்டின்னு நீ சொன்னாத்தான் இந்த வண்டிய எடுப்பேன்.”

அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த விதம் அதுதான். அக்தர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டித் துணிக்குள் போனாள். ஏறி உட்கார்ந்தாள். அவர் குட்டைக் காலை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

“அமுக்கு” என்றார். “பிடி.” “விடு.” பின் சக்கரம் ஒன்று. இன்னொன்று. முன் சக்கரம். அவள் கால் ஒரு தப்பும் செய்யவில்லை. கடைசிச் சக்கரத்துக்கு வந்தார். பக்கத்துணியின் இடுக்கில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. அழவில்லை. மிதி எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனிக்கிற முகம்.

“அமுக்கு.”

அமுக்கினாள். அடியில் நிப்பிள் திறந்தது.

“கெட்டியா இருக்குதா அக்தர்?” என்று மண்ணிலிருந்து கேட்டார்.

“சுபானக் கேளுங்க” என்றாள்.

கத்தவில்லை. உப்பு இல்லை, அரிசி இல்லை என்று சொல்கிற அதே குரல். வண்டிக்கு அடியில், நிப்பிளை மூட வேண்டிய கை மூடவில்லை. புது ஆயில் பீய்ச்சி, மண்ணில் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் காலுக்கடியில் மிதி மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. அது தொடுகிறவரை அவள் காலை எடுக்கவில்லை.

பிறகு இறங்கி, துணியை விலக்கிக்கொண்டு, உலை கொதிக்கிறது என்று சொல்லி உள்ளே போனாள். நான் வெகுநேரம் நின்றேன். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கால்களும் அசையவே இல்லை.